செத்துப்போன அலாரம் பேனல்: பவர் சப்ளையில் கோளாறு எங்கே என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பது

கீபேடில் ஒரு விளக்கும் இல்லை. பட்டனை அழுத்தினால் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் வழக்கமாக வரும் ‘பீப்’ கூட இல்லை. வீட்டு அலாரம் இப்படி ஒரேயடியாகப் படுத்துவிட்டால் பலரும் முதலில் செய்வது புது பேட்டரி வாங்கிப் போடுவதுதான். போட்டதும் கீபேடு எரியும். அப்பாடா என்று பெட்டியை மூடிவிடுவார்கள். ஒரு நாள் கழித்து மறுபடி இருட்டு.

பேட்டரி மேல் தப்பில்லை. அலாரம் ஓடுவது மெயின் கரண்டில்; பேட்டரி அதற்கு மாற்று ஏற்பாடு மட்டும்தான். மெயின் பக்கம் ஏதோ ஒன்று முதலில் போயிருக்கும். அதற்குப் பிறகு பேட்டரி தனியாகச் சுமந்து, தீர்ந்து, கடைசியில்தான் கீபேடு அணைந்திருக்கும். நாம் பார்க்கும் நேரத்தில் இரண்டுமே போயிருக்கும், கண்ணில் படுவது மட்டும் பேட்டரி. ஆகவே முதலில் போனது எது என்பதைத்தான் தேட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுக்க அந்தத் தேடல்தான்.

பவர் வரும் வழி

பரவலாக இருக்கும் வயர் இணைப்புப் பேனல்களில் சுவர் சாக்கெட்டில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் செருகியிருக்கும். அது 230 அல்லது 120 வோல்ட் மெயினை 16.5 வோல்ட் ஏசியாகக் குறைக்கிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர் பேனல் பெட்டிக்குப் போகும். போர்டில் உள்ள டயோடுகள் அந்த ஏசியை டிசியாக்கும், ஒரு பெரிய கப்பாசிட்டர் அதைச் சமன் செய்யும், ரெகுலேட்டர் சுமார் 13.8 வோல்ட்டில் நிறுத்தும். அந்த 13.8-ல் இருந்துதான் பேட்டரி சார்ஜ் ஆகிறது, கீபேடும் சென்சார்களும் ஓடுகின்றன, சைரனும் அடிக்கிறது.

எல்லாப் பேனலும் 16.5 ஏசி இல்லை. சிலவற்றுக்கு டிசி அடாப்டர். இன்னும் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், மெயின் கரண்ட் நேராக உள்ளே வரும். உங்களுடையது இந்தக் கடைசி வகை என்றால், மெயின் டெர்மினல்கள் இருக்கும் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மீதி எல்லாவற்றையும் நீங்களே பார்க்கலாம்.

வேண்டிய சாமான் குறைவு: ஒரு மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், டார்ச், இன்சுலேஷன் டேப், 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றிரண்டு. மல்டிமீட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். அது 16 வோல்ட்டையும் 13 வோல்ட்டையும் பார்த்துச் சொல்லாது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

கண்காணிப்பு மையத்தோடு இணைப்பு இருந்தால் முதலில் அவர்களுக்குப் போன் செய்து, சிஸ்டத்தைச் சோதனை நிலையில் போடச் சொல்லுங்கள். பேனல் செத்துத்தானே கிடக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். வேலையின் நடுவில் அது உயிர் பெறும்போது, பெட்டி திறந்திருக்கிறது என்ற தகவல்தான் முதலில் வெளியே போகும்.

வெளிச் சுவரில் உள்ள சைரன் பெட்டிக்குள் தனி பேட்டரி இருக்கக்கூடும். பேனலில் இருந்து வரும் மின்சாரம் நின்றால் தானாகவே அலறும்படி செய்திருப்பார்கள். வயரை வெட்டும் திருடனுக்காக வைத்த ஏற்பாடு, ஏணியில் நிற்கும் உங்களுக்கும் அதே மரியாதைதான். அந்த ஊளை பக்கத்தில் இருந்து கேட்டால் காது போய்விடும், ஆகவே காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் மோதிரம், உலோக வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் 7 ஆம்பியர் மணி பேட்டரியின் இரண்டு முனையும் உலோகத்தால் இணைந்துவிட்டால் பல பத்து ஆம்பியர் பாயும். மோதிரம் சிவக்கும் அளவுக்குச் சூடாகிவிடும்.

கடைசியாக, பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் போனில் நாலைந்து படம் எடுங்கள். எந்த நிற வயர் எந்த ஸ்க்ரூவில் இருந்தது என்பது பத்து நிமிஷத்தில் மறந்துவிடும்.

முதல் படி: செத்தது பேனலா, கீபேடு மட்டுமா?

பெட்டிக்குள் போர்டில் ஒரு எல்இடியாவது எரிகிறதா, சிமிட்டுகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது, பெரும்பாலும் கீபேடுக்குப் போகும் வயரிலோ கீபேடிலோதான் கோளாறு. கீபேடைச் சுவரில் இருந்து கழற்றி, அதன் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு நடுவே டிசியில் அளந்து பாருங்கள். 12-க்கும் 14-க்கும் இடையில் இருந்தால் பவர் சப்ளையை விட்டுவிட்டு கீபேடைச் சந்தேகியுங்கள். 9, 10 என்று காட்டினால் வழியில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது.

போர்டிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை என்றால் மேலே போகலாம்.

இரண்டாம் படி: சாக்கெட்

சிரிக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் அலமாரிக்குப் பின்னாலோ படிக்கட்டுக்கு அடியிலோ மறைவாகத்தான் இருக்கும். அந்த சாக்கெட்டை யாரோ வேறு எதற்கோ கழற்றியிருப்பார்கள், அல்லது அதன் சுவிட்சை அணைத்திருப்பார்கள். கசிவு பாதுகாப்பு பிரேக்கர் ஒன்று டிரிப் ஆகி, அந்த வரிசை சாக்கெட்டுகள் மட்டும் போயிருக்கலாம். ஒரு மேஜை விளக்கையோ போன் சார்ஜரையோ அதே துளையில் செருகிப் பாருங்கள். பக்கத்துத் துளை வேலை செய்வதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: டிரான்ஸ்ஃபார்மர்

மல்டிமீட்டரை ஏசிக்குத் திருப்புங்கள், அதாவது வோல்ட் குறிக்குப் பக்கத்தில் அலைக்கோடு இருக்கும் இடம். டிசியில் வைத்து அளந்தால் நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து, நன்றாக இருப்பதைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

பேனல் போர்டில் ஏசி என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூவில் மீட்டரின் முனைகளை வையுங்கள். 16-ல் இருந்து 18 வரை வந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் வயரும் சரி, நான்காம் படிக்குப் போங்கள். பூஜ்யம் என்றால் சுவருக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்க்ரூவிலேயே அளங்கள். அங்கே வோல்ட்டேஜ் இருந்து பேனலில் இல்லை என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் இல்லை, சாக்கெட்டில் மட்டும் கரண்ட் இருக்கிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. இந்த வகை டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றுக்குள் ஒரு வெப்ப ஃபியூஸ் புதைந்திருக்கும். ஒருமுறை போனால் போனதுதான், வெளியில் இருந்து மாற்ற வழியில்லை.

ஆனால் ஒரு கேள்வி: அது ஏன் போனது? வயசாகிப் போயிருக்கலாம். செருகியிருக்கும்போதே யாராவது அந்த இரண்டு வயரையும் உரச விட்டிருக்கலாம். ஒரு நொடி ஷார்ட் ஆனாலே சில டிரான்ஸ்ஃபார்மர்கள் போய்விடும். இல்லை, போர்டு பக்கம் ஏதோ அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடாக்கியிருக்கலாம். மூன்றாவது காரணம் என்றால் புதிது வாங்கிச் செருகினாலும் அதே கதிதான். அதனால் புது டிரான்ஸ்ஃபார்மரைச் செருகும் முன் ஐந்தாம் படியில் சொல்வதுபோல் லோடுகளை, அதாவது பேனலில் இருந்து மின்சாரம் எடுக்கும் கீபேடு, சென்சார், சைரன் வயர்களை, கழற்றி வைத்துவிடுங்கள்.

நடுவாந்தர நிலை ஒன்று உண்டு. வயரைக் கழற்றி அளந்தால் 18 வோல்ட், பேனலில் மாட்டியதும் 8-க்கு விழுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் பலவீனமா, போர்டு அதிகமாக இழுக்கிறதா? 12 வோல்ட், 10 வாட் பல்பு இரண்டைத் தொடராக இணைத்து, டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் மாட்டிப் பாருங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதும் 16 பக்கம் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் நல்லது, குற்றவாளி போர்டு பக்கம். பல்போடும் சரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுங்கள்.

மாற்றும்போது வோல்ட் அதே அளவு, ஏசி என்றால் ஏசியே, விஏ எண் (VA, எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு) பழையதற்குச் சமம் அல்லது அதிகம். 16.5 வோல்ட் 40 விஏ இருந்த இடத்தில் 20 விஏ போட்டால் சாதாரண நாளில் ஓடும், சைரன் அடிக்கும் நாளில் திணறும். வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் அடாப்டரின் முனையை வெட்டி மாட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். ஏசி டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு வயருக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். அவற்றில் எதையும் எர்த் டெர்மினலில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

நான்காம் படி: பேட்டரியைத் தனியே நிறுத்தி விசாரிப்பது

டிரான்ஸ்ஃபார்மரை முதலில் பிடுங்குங்கள், பிறகு பேட்டரியின் இரண்டு கிளிப்பையும் கழற்றுங்கள். கழற்றிய கிளிப்புகள் ஒன்றோடொன்றோ பெட்டித் தகரத்திலோ படாமல் டேப் சுற்றிவிடுங்கள்.

இப்போது பேட்டரி இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் செருகுங்கள். பேனல் உயிர் பெற்றால் பேட்டரி உள்ளே ஷார்ட் ஆகி மொத்த சிஸ்டத்தையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு செல் ஷார்ட் ஆன பேட்டரி, ஆழக் காலியான பேட்டரி இரண்டுமே இந்த வேலையைச் செய்யும்.

பேட்டரியை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தாலோ, முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலோ அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். பார்க்க ஒழுங்காக இருந்தால் மீட்டரை டிசிக்குத் திருப்புங்கள். எதிலும் மாட்டாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.7-க்கு மேல் காட்டினால் முழு சார்ஜ், 12.2 பக்கம் என்றால் சுமார் பாதி, 11.8-க்குக் கீழே கிட்டத்தட்ட காலி. 10.5-க்கும் கீழே போய் அப்படியே பல நாள் கிடந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டுத் தேற்றலாம் என்று நம்பாதீர்கள். உள்ளே தகடுகளில் சல்பேட் இறுகியிருக்கும். சார்ஜ் ஏறியது போலக் காட்டும், தேவைப்படும் நேரத்தில் கைவிடும்.

வோல்ட்டேஜை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் ஏமாற்றும். 12.6 காட்டும் கிழட்டு பேட்டரி, சைரனை ஓட்டச் சொன்னால் நொடியில் 8-க்கு இறங்கும். வண்டியின் 21 வாட் பல்பை நேராக இரண்டு முனையிலும் மாட்டுங்கள், சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரி ஐந்து நிமிஷம் ஆனாலும் 12-ஐ ஒட்டி நிற்கும். எண் கண் முன்னாலேயே 11-ஐத் தாண்டி இறங்கினால் கதை முடிந்தது.

இவை 3 முதல் 5 வருஷம் உழைக்கும். பெட்டி வெயில் படும் சுவரிலோ மொட்டை மாடி அறையிலோ இருந்தால் அதுவும் கிடையாது. சுமார் 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும்.

புது பேட்டரியை மாட்டும்போது சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். மாற்றி மாட்டினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். இன்னொன்று, சில பேனல்கள் பேட்டரியை மட்டும் மாட்டினால் தொடங்கவே தொடங்காது. மெயின் வந்தால்தான் கண் திறக்கும், அல்லது போர்டில் அதற்கென்று உள்ள இரண்டு ஊசிகளைத் தொட்டுவிட வேண்டும். அதனால் “புது பேட்டரி போட்டும் எரியவில்லை, போர்டு போச்சு” என்று அவசரப்பட வேண்டாம். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. பேட்டரிக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: லோடுகளைக் கழற்றிப் பார்ப்பது

எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் போர்டு போய்விட்டது என்று மாற்றப்படும் பேனல்களில் பல இங்கேயே பிழைத்திருக்கும்.

போர்டில் ஆக்ஸ் பிளஸ் (AUX+) என்ற டெர்மினலில் இருந்துதான் சென்சார்களுக்கும், பெரும்பாலும் கீபேடுகளுக்கும் 12 வோல்ட் போகிறது. அந்த வயர்களில் எங்காவது சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கொண்டால் போர்டின் பாதுகாப்பு ஃபியூஸ் வழியை அடைத்துவிடும். பழைய போர்டில் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும்; அது போனால் அதே ஆம்பியர் எண்ணில் புதியது போட வேண்டும், ஜரிகைக் காகிதத்தையோ செம்புக் கம்பியையோ சுற்றக் கூடாது. புதிய போர்டுகளில் பட்டன் போன்ற மஞ்சள் அல்லது பச்சைத் துண்டு ஒன்று இருக்கும். ஷார்ட் ஆனால் சூடாகி மின்சாரத்தை நிறுத்தும், ஷார்ட்டை நீக்கி ஆறவிட்டால் தானே சரியாகிவிடும். அவசரக்காரர்கள் ஆறும்வரை பொறுப்பதில்லை, அதனால்தான் போர்டு செத்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

மெயினும் பேட்டரியும் கழற்றிய நிலையில், ஆக்ஸ் பிளஸ்ஸில் உள்ள எல்லா வயரையும், கீபேடின் சிவப்பு வயரையும், சைரன் வயரையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றிலும் டேப் துண்டு ஒட்டிப் பெயர் எழுதுங்கள். பத்து நிமிஷம் ஆறவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் செருகி, ஆக்ஸ் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே டிசியில் அளங்கள். 12-ல் இருந்து 14-க்குள் வந்தால் போர்டு நல்லது, வெளியே எங்கோ ஷார்ட். (பேட்டரி வயர்களின் முனையில் அளக்க வேண்டாம், பேட்டரி மாட்டினால்தான் அங்கே வோல்ட்டேஜ் விடும் பேனல்கள் உண்டு.)

மீட்டரை ஆக்ஸிலேயே வைத்துக்கொண்டு வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஒன்றை மாட்டும்போது 13.7, 13.7 என்று இருந்த எண் பொசுக்கென்று 2-க்கோ 3-க்கோ விழும். அதுதான் அந்த வயர். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாட்டினால் வீட்டின் பெரும்பகுதிக்கு அலாரம் அன்றைக்கே ஓடும். கெட்ட வயரை நிதானமாகத் தேடலாம். புதிதாகப் படம் மாட்ட அடித்த ஆணி, எலி கடித்த இடம், தண்ணீர் இறங்கிய வெளி சைரன், கதவு விளிம்பில் நசுங்கிய வயர்: முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

ஷார்ட்டே இல்லாமல் மொத்த லோடு அதிகமாகி மூச்சு திணறுவதும் நடக்கும், முக்கியமாக வருஷக்கணக்கில் ஒவ்வொரு சென்சாராகச் சேர்த்துக்கொண்டே போன வீடுகளில். ஒரு அசைவு சென்சார் 10 முதல் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும், கீபேடு 50-க்கும் 150-க்கும் இடையில். கீபேடு மூன்று, சென்சார் பன்னிரண்டு, போதாக்குறைக்கு இன்டர்நெட் மாட்யூல் ஒன்று என்று கூட்டிப் பார்த்தால் 600 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடலாம். பேனல் கையேட்டில் ஆக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். அதைத் தாண்டினால் தனி பவர் சப்ளை ஒன்று வைப்பதுதான் வழி.

ஆறாம் படி: போர்டு

ஏசி சரியாக வருகிறது, பேட்டரியும் லோடும் கழற்றியாயிற்று, ஆக்ஸில் இன்னும் பூஜ்யம். இப்போது போர்டைக் குற்றம் சொல்லலாம்.

முதலில் கண்ணும் மூக்கும். ஏசி டெர்மினலுக்குப் பக்கத்தில் வட்ட வில்லை போன்ற உறுப்பு கருகி வெடித்திருந்தால் இடி மின்னலோ மெயினில் வந்த அலையோ அடித்திருக்கிறது. உருளை கப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடாக உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாக ஒழுகியிருந்தாலோ அது போய்விட்டது.

எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இருந்தால் பெரிய கப்பாசிட்டரின் இரண்டு காலிலும் டிசியில் அளக்கலாம். 16.5 ஏசியின் உச்சம் 23.3 வோல்ட், டயோடுகளில் 1.4 போனால் 22 பக்கம் வர வேண்டும். லோடு இல்லாதபோது இன்னும் இரண்டு மூன்று கூடும். 22 இருந்து ஆக்ஸில் எதுவும் இல்லை என்றால் ரெகுலேட்டர் பகுதி. கப்பாசிட்டரிலேயே இல்லை என்றால் உள்ளே வரும் ஃபியூஸோ டயோடுகளோ. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு போர்டையே மாற்றுவது நல்லது. பத்து வருஷப் போர்டில் ஒரு கப்பாசிட்டரை மாற்றி உயிர் கொடுக்கலாம்தான், ஆனால் அடுத்தது எப்போது போகும் என்று தெரியாத பேனலை நம்பித் தூங்குவது எனக்குச் சரிப்படாது.

வயர்லெஸ் பேனல் என்றால்

வேலை இன்னும் சுலபம். அடாப்டர் பெரும்பாலும் டிசி. அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்பது முக்கியம், பிளக் உள்ளே போகிறது என்பதால் சரியாகிவிடாது. உள்ளே இருப்பது நிக்கல் அல்லது லித்தியம் பேட்டரி. அதே எண் உள்ளதைத்தான் போட வேண்டும், லித்தியம் உப்பியிருந்தால் அழுத்திப் பார்க்கவோ சார்ஜ் போடவோ கூடாது.

உயிர் வந்த பிறகு

எல்லாவற்றையும் திரும்ப மாட்டும் வரிசை பேனலுக்குப் பேனல் மாறும், கையேட்டைப் பாருங்கள். நிரல்கள் பொதுவாக அழியாது. கடிகாரம் மட்டும் தப்பாக இருக்கும், அதைச் சரி செய்யுங்கள். கீபேடில் பேட்டரி கோளாறு என்று சில மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம், சார்ஜ் ஏறட்டும்.

முழுசாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, பேட்டரியில் மட்டும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் சிஸ்டத்துக்கு 7 ஆம்பியர் மணி பேட்டரி கணக்குப்படி 23 மணி நேரம் வரும்; நடைமுறையில் அதைவிடக் குறைவுதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் 12-க்குக் கீழே வந்தால் எங்கோ இன்னும் கோளாறு இருக்கிறது. பேட்டரியிலேயே சைரனையும் சில நொடி அடித்துப் பாருங்கள், பேனல் அணைந்து எழுந்தால் பேட்டரி தேறவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் செருகி, மறுநாள் ஒருமுறை பேட்டரி முனைகளில் அளந்துவிடுங்கள், 13.6-க்கும் 13.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். பேட்டரி மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். சாக்கெட்டில் ‘அலாரம், கழற்றாதே’ என்று பெரிதாக ஒரு சீட்டு ஒட்டுங்கள். கண்காணிப்பு மையத்துக்கு மறுபடி போன் செய்து, சோதனை நிலையை நீக்கச் சொல்லுங்கள்.